பில்லுல புது பிளக், எஞ்சின்ல பழைய பிளக்: ஷோரூம்ல கார் விடுறவங்க படிச்சிட்டு விடுங்க

கொஞ்சம் நீளமான பதிவு, ஆனா வாரண்டி முடிஞ்ச கார் வச்சிருக்கவங்க தயவுசெஞ்சு முழுசா படிங்க. ஷோரூம் பேர் போடல, கன்ஸ்யூமர் கமிஷன்ல புகார் குடுக்கப் போறேன், அது முடியுற வரைக்கும் பேர் வெளிய சொல்லாதீங்கன்னு தெரிஞ்ச வக்கீல் ஒருத்தர் சொல்லிருக்காரு.

நம்ம வண்டி 2015 மாடல், 1.2 பெட்ரோல், நாலு சிலிண்டர், 78 ஆயிரம் கிலோமீட்டர் ஓடிருக்கு. வாங்குன நாள்லேர்ந்து ஷோரூம்ல மட்டும்தான் சர்வீஸ், காசு கூடக்குறைய ஆனாலும் கம்பெனி ஆளுங்க கை வச்சா நிம்மதின்னு பத்து வருஷமா வேற எங்கயும் பானெட்ட தொறக்க விட்டதில்ல. ரெண்டு மாசம் முன்னாடி புதுக்கோட்டைல ஒரு வளைகாப்பு முடிச்சிட்டு அம்மாவோட திருச்சி திரும்பிட்டு இருந்தோம். கீரனூர் தாண்டி ஒரு லாரிய ஓவர்டேக் எடுக்கலாம்னு ஆக்சிலேட்டர மிதிச்சா வண்டி இழுக்கவே மாட்டேங்குது, வெட்டி வெட்டி போகுது, மீட்டர்ல மஞ்சள் கலர் எஞ்சின் லைட் விட்டு விட்டு எரியுது, எதிர்ல பஸ் வருது, அம்மா பக்கத்துல சீட்ட புடிச்சிக்கிட்டு முருகா முருகாங்கறாங்க. எப்படியோ லாரிக்கு பின்னாடியே அடங்கி ஓரமா உருட்டிக்கிட்டு வீடு வந்து சேந்தோம்.

இந்த லைட்ட பத்தி அப்பறமா தெரிஞ்சிக்கிட்டத இங்கயே சொல்லிடறேன். அது விடாம நின்னு எரிஞ்சா மெதுவா ஓட்டி ஒர்க்‌ஷாப் வரைக்கும் போயிடலாம். விட்டு விட்டு மின்னுச்சுன்னா எஞ்சின் கடுமையா மிஸ்ஸிங் அடிக்குதுன்னு அர்த்தம், அதாவது ஏதோ ஒரு சிலிண்டர்ல பெட்ரோல் எரியாம அப்படியே சைலன்சர் பக்கம் போயி, புகைய சுத்தம் பண்ற கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர்ல எரியுது, அது சூடேறி உள்ள இருக்க தேன்கூடு மாதிரி பாகம் உருகிடுச்சுன்னா அத மாத்துற செலவு பல ஆயிரத்துல வந்து நிக்கும். மின்னுனா ஆக்சிலேட்டர்லேர்ந்து கால எடுத்துட்டு ஓரம் கட்டிடுங்க. எனக்கு அன்னிக்கு இது தெரியாது.

திங்கக்கிழமை காலைல ஷோரூம்ல விட்டேன். சர்வீஸ் அட்வைசர் தம்பி ரொம்ப மரியாதையா பேசுனாப்ல, ஜாப் கார்டுல "பிக்கப் கம்மி, ஜெனரல் செக்கப்"னு ரெண்டே வார்த்தை எழுதி கையெழுத்து வாங்கிட்டாரு. மத்தியானம் போன். "சார் ஸ்கேனர் போட்டு பாத்தாச்சு, கார்பன் புடிச்சிருக்கு, இன்ஜெக்டர் த்ராட்டில் எல்லாம் க்ளீன் பண்ணணும், பிளக் நாலும் போயிடுச்சு, மாத்திடலாமா"ன்னு கேட்டாரு. நான் ஆபீஸ் மீட்டிங்ல இருந்தேன், சரி பண்ணிடுங்கன்னு வச்சிட்டேன். அந்த ஒரு "சரி"ய நம்பித்தான் அவங்க மொத்த பில்லும் போட்டாங்க.

சாயங்காலம் குடுத்த பில் இது: த்ராட்டில் பாடி க்ளீனிங் 1,150, இன்ஜெக்டர் க்ளீனிங் 2,300, எஞ்சின் டீகார்பனைசிங் 3,600, ஸ்பார்க் பிளக் நாலு 1,120, பெட்ரோல் டேங்க்ல ஊத்துற அடிட்டிவ் 450, ஏசி டிஸ்இன்ஃபெக்டன்ட் 850. கூட்டுனா 9,470, ஜிஎஸ்டி 18% சேத்து 11,175 ரூபா. ஏசி பத்தி நான் வாயே தொறக்கல. கேட்டதுக்கு "ப்ரீ மான்சூன் பேக்கேஜ்ல வரும் சார்"னாங்க. எஞ்சின் லைட் எரியல, வண்டி சும்மா ஸ்மூத்தா இருந்த மாதிரி இருந்துச்சு, கட்டிட்டு வந்துட்டேன்.

ஆறாவது நாள் பால்பண்ணை சிக்னல்ல நிக்கும்போது ஸ்டியரிங் கையில கிடுகிடுன்னு ஆடுது. பச்ச விழுந்து நகத்துனா அதே வெட்டு, அதே லைட். திரும்ப அங்கயே போனேன். இந்த தடவ ஒரு மணி நேரம் உக்கார வச்சிட்டு சொன்னாங்க, "ஈசிஎம் போயிருக்கலாம் சார், 42 ஆயிரம் ஆகும், போட்டு பாப்போம்." அந்த "போட்டு பாப்போம்"ங்கற வார்த்தைதான் என்னைய உலுக்குச்சு. ஈசிஎம்னா எஞ்சின கண்ட்ரோல் பண்ற கம்ப்யூட்டர். 42 ஆயிரம் ரூபா பொருள போட்டு பாக்குறதா? ஸ்கேனர்ல என்ன எரர் கோடு வந்துச்சு, ஒரு பிரிண்ட் குடுங்கன்னு கேட்டேன். "அதெல்லாம் சிஸ்டம்ல இருக்கு சார், கஸ்டமருக்கு குடுக்க மாட்டோம்"னாரு. வண்டிய எடுத்துட்டு வெளிய வந்துட்டேன்.

என் மச்சினன் ஓசூர்ல ஆட்டோ பார்ட்ஸ் கம்பெனில இருக்கான். அவன்தான் போன்ல சொன்னான், "மாமா, 700 ரூபாய்க்கு இஎல்எம் 327ன்னு புளூடூத் அடாப்டர் கிடைக்கும், ஸ்டியரிங்குக்கு கீழ ஓபிடி போர்ட்னு ஸ்கேனர் சொருகுற எடம் இருக்கும், அதுல சொருகி போன்ல ஆப் போட்டா நீங்களே கோடு படிச்சிக்கலாம்"னு. வாங்குனேன், சொருகுனேன், ரெண்டே நிமிஷம். வந்த கோடு பி0302. கடைசில இருக்க 2தான் சிலிண்டர் நம்பர். ரெண்டாவது சிலிண்டர் மிஸ்ஸிங். அவ்ளோதான். நாலு சிலிண்டரும் தாறுமாறா அடிச்சா பி0300 வரும், இது ஒரே சிலிண்டர். ஒரு சிலிண்டர் மட்டும் அடிவாங்குதுன்னா முதல்ல அந்த சிலிண்டர்ல தீப்பொறி போடுற பிளக், அதுக்கு மேல உக்காந்து கரண்ட் குடுக்குற காயில், இது ரெண்டத்தான் பாக்கணும், ஈசிஎம் எல்லாம் கடைசில வர்ற சந்தேகம். இத ஷோரூம் ஸ்கேனர் சொல்லாம இருந்திருக்காது.

ஞாயித்துக்கிழமை காலைல வண்டி ராத்திரி பூரா ஆறி கெடந்தப்பறம் பானெட்ட தொறந்தேன், மச்சினன் வீடியோ கால்ல. சூடா இருக்கும்போது பிளக்ல கைய வைக்கவே கூடாதுன்னு அவன் மூணு தடவ சொன்னான், ஹெட் அலுமினியம், மரை அரிச்சிட்டு வந்துடும்னு. பேட்டரி நெகட்டிவ் கழட்டியாச்சு, 10 நம்பர் ஸ்பேனர்ல ரெண்டாவது காயிலோட போல்ட்ட எடுத்து காயில மேல இழுத்தா, கீழ இருக்க ரப்பர் பூட் எண்ணெய்ல ஊறி உப்பி வழவழன்னு வருது. டார்ச் அடிச்சு குழிக்குள்ள பாத்தா ஒரு விரக்கடைக்கு எஞ்சின் ஆயில் தேங்கி நிக்குது. அப்படியே பிளக்க கழட்டிருந்தா அந்த ஆயிலும் குப்பையும் சிலிண்டருக்குள்ள இறங்கிருக்கும். மருந்துக்கடை சிரிஞ்சுல ஒரு சின்ன டியூப் மாட்டி உறிஞ்சி எடுத்து, குச்சில துணி சுத்தி தொடச்சிட்டு அப்பறம்தான் பிளக் பாக்ஸ் ஸ்பேனர விட்டேன்.

கழண்டு வந்த பிளக்க பாத்து எனக்கு பேச்சே வரல. ஒரு வாரம் முன்னாடி புதுசா மாத்துனதா பில் போட்ட பிளக். வெள்ள செராமிக்ல காப்பி கலர்ல கறை படிஞ்சிருக்கு, ஆறுகோண உலோகம் துருப்புடிச்சு, நடு முனை ஓரமெல்லாம் தேஞ்சு உருண்டு கெடக்கு, இடைவெளி அளக்குற ஃபீலர் கேஜ் விட்டா கேப் 1.4 மில்லிமீட்டர், மேனுவல்ல இருக்கிறது அதிகபட்சம் 1.1. மிச்சம் மூணையும் ஒண்ணொண்ணா கழட்டுனேன். நாலுமே அதே கதி. ஒரு வாரத்துல, 150 கிலோமீட்டர்ல, எந்த பிளக்கும் இப்படி ஆகாது. புது பிளக்குக்கு காசு வாங்கிட்டு பழசையே உள்ள விட்டிருக்காங்க, இல்ல அந்த எடத்த தொறக்கவே இல்ல. தொறந்திருந்தா குழில தேங்கி நின்ன ஆயில் கண்ணுக்கு தெரியாம போயிருக்குமா? அம்மா அன்னிக்கு சீட்ட புடிச்சிக்கிட்டு உக்காந்திருந்தது ஞாபகம் வந்துச்சு. அதே ரோட்டுல திரும்பவும் அவங்கள கூட்டிட்டு போயிருந்தா என்ன ஆயிருக்கும்னு நெனச்சா இப்பவும் கை நடுங்குது.

காயில்தானான்னு உறுதி பண்ண மச்சினன் ஒரு வழி சொன்னான், இத எல்லாரும் தெரிஞ்சி வச்சிக்கோங்க. ரெண்டாவது காயில கழட்டி மூணாவதுல போட்டு, மூணாவத ரெண்டாவதுல போட்டு, கோட அழிச்சிட்டு கொஞ்ச நேரம் ஓட்டி பாக்கணும். மிஸ்ஸிங் காயிலோட சேந்து நகந்து பி0303ன்னு வந்தா காயில்தான் குத்தவாளி. நகராம பி0302 வாகவே நின்னா பிளக், இன்ஜெக்டர், கம்ப்ரஷன்னு வேற எடத்த பாக்கணும். நாலு பிளக்கையும் எடம் மாத்தாம அதது குழிலயே போட்டு, காயில மட்டும் மாத்தி, கே.கே.நகர் வரைக்கும் போயிட்டு வந்தேன். பி0303. ஒரு பைசா செலவில்ல, இருபது நிமிஷ வேலை.

காரணமும் அதோட தெளிவாயிடுச்சு. எஞ்சினோட மேல் மூடியான டாப்பெட் கவரோட பேக்கிங்கும் பிளக் குழிய சுத்தி இருக்க சீலும் பத்து வருஷ சூட்டுல காஞ்சு கல்லா போயி ஆயில் உள்ள இறங்கிருக்கு, அதுல பூட் ஊறி, தீப்பொறி பிளக் முனைக்கு போகாம பக்கவாட்டுல ஓடிருக்கு. அதனாலதான் ஆரம்பத்துல ஊருக்குள்ள சும்மா ஓட்டும்போது தெரியாம, மிதிச்சு ஓட்டும்போது வெட்டுச்சு. டீகார்பனைசிங் பண்ணி இது எப்படி சரியாகும்?

பிளக்கும் காயிலும் நானே மாத்துனேன். புது பிளக்க குழில விடும்போது ஸ்பேனர் போடாம கையாலயே நாலஞ்சு சுத்து ஏத்தணும், லேசா தடங்குனாலும் வெளிய எடுத்து திரும்ப விடணும், கோணலா ஏறிட்டா ஹெட்டு மரை போயி அது பெரிய வேலையா ஆயிடும். டாப்பெட் கவர மட்டும் நான் தொடல. அந்த போல்ட்டெல்லாம் நடுவுலேர்ந்து வரிசையா, குறைஞ்ச டார்க்ல (இறுக்குற விசை), எல்லாம் ஒரே அளவா இறுக்கணும், என்கிட்ட டார்க் ரெஞ்ச் கெடையாது. தெரு முனைல முப்பது வருஷமா ஒர்க்‌ஷாப் வச்சிருக்க பாய்கிட்ட குடுத்தேன். அவரு பழைய பேக்கிங்க எடுத்து ரெண்டு விரல்ல வளைச்சாரு, பிஸ்கட் மாதிரி ஒடஞ்சிச்சு. "தம்பி இத தொட்டு பாத்தாலே தெரியுமே, ஈசிஎம் எதுக்கு"ன்னாரு. பேக்கிங் செட் 650, காயில் 1,900, பிளக் நாலு 1,040, பாய் கூலி 600. மொத்தம் 4,190. ரெண்டாயிரம் கிலோமீட்டர் ஓட்டியாச்சு, கொடைக்கானல் ஏறி எறங்கிட்டேன், லைட் எரியல.

இதுக்காக ஷோரூமே கூடாது, எல்லாத்தையும் வீட்டுலயே பண்ணுங்கன்னு நான் சொல்ல வரல. வாரண்டி இருக்க வண்டிய வெளிய தொடவே விடாதீங்க. ரீகால் வேலை, சாவி கோடிங், ஏர்பேக், சாப்ட்வேர் அப்டேட் இதுக்கெல்லாம் அங்கதான் போகணும், ரீகால்னா காசு கெடையாது, சேசிஸ் நம்பர கம்பெனி வெப்சைட்ல போட்டு பாத்துட்டு போங்க. டைமிங் செயின், பெட்ரோல் ரெயில் (இன்ஜெக்டருக்கு பெட்ரோல் போற குழாய்) பக்கம் பழக்கம் இல்லாதவங்க போகாதீங்க, பெட்ரோல் பிரஷர்ல நிக்கும், தீப்புடிக்கிற வேலை. சூடா இருக்கும்போது ரேடியேட்டர் மூடியும் அப்படித்தான், மூஞ்சி வெந்துடும். ஹைபிரிட்ல ஆரஞ்சு கலர் ஹை வோல்டேஜ் வயர பாத்தா கைய எடுத்துடுங்க.

ஆனா எங்க குடுத்தாலும் கோட நீங்க படிச்சிட்டு குடுங்க. ஜாப் கார்டுல அவங்க எழுதுற ரெண்டு வார்த்தைய ஒத்துக்காம "எஞ்சின் லைட் மின்னுது, பி0302, மூணாவது கியர்ல மிதிச்சா வெட்டுது"ன்னு உங்க வார்த்தைல எழுத சொல்லுங்க, அதோட "கழட்டுன பழைய பார்ட்ஸ திருப்பி குடுக்கணும்"னு அங்கயே எழுதி கையெழுத்து போடுங்க. போன்ல சரி சொல்லாதீங்க, எஸ்டிமேட்ட வாட்ஸப்ல போட சொல்லி ஒவ்வொரு லைனா ஆமா இல்லன்னு பதில் போடுங்க. முன்னாடி வேற ஒரு ஷோரூம்ல வேலை பாத்த பையன் சொன்னான், இந்த க்ளீனிங், டீகார்பனைசிங், ஏசி ட்ரீட்மென்ட்டுக்கெல்லாம் அட்வைசருக்கு மாசா மாசம் டார்கெட் இருக்குமாம். வெளி ஒர்க்‌ஷாப்புக்கு ஸ்பேர் பார்ட்ஸும் டயக்னாஸ்டிக் டூல்ஸும் குடுக்காம கார் கம்பெனிங்க அடைச்சி வச்சிருக்காங்கன்னு 2014ல காம்படிஷன் கமிஷன் 14 கம்பெனிக்கு 2,500 கோடிக்கு மேல அபராதம் போட்டுச்சு, கம்பெனிங்க மேல்முறையீடு போனாங்க. வேற வழி இல்லன்னு நெனச்சு அவங்க சொன்னதுக்கெல்லாம் நாம தலையாட்டுறது இன்னிக்கும் நிக்கல.

பிளக்க எடுத்துட்டு போயி சர்வீஸ் மேனேஜர் டேபிள்ல வச்சேன். முதல்ல "இது உங்க வண்டிலேர்ந்துதான் எடுத்ததுன்னு எப்படி நம்புறது"ன்னாரு. மச்சினன் வீடியோ காலை ரெக்கார்ட் பண்ணிருந்தான், நம்பர் பிளேட்லேர்ந்து பிளக் வெளிய வர்ற வரைக்கும் அதுல இருக்கு. அத காட்டுனப்பறம் "டெக்னீஷியன் தவறு"ன்னு மாறுச்சு. 1915க்கு, அதாவது நேஷனல் கன்ஸ்யூமர் ஹெல்ப்லைனுக்கு, புகார் பதிஞ்சேன், பத்தொன்பது நாள் கழிச்சு பிளக் காசு மட்டும் ஜிஎஸ்டியோட 1,322 ரூபா அக்கவுண்ட்ல போட்டாங்க, மத்ததெல்லாம் செஞ்ச வேலைக்கு வாங்குனதாம். செய்யாத பிளக்க செஞ்சேன்னு பில் போட்டவங்க டீகார்பனைசிங் செஞ்சாங்கன்னு நான் எத வச்சு நம்பணும்?

அடுத்தது இ-ஜாக்ரிதி போர்ட்டல்ல மாவட்ட கமிஷன்ல போடப் போறேன். நாம குடுத்த காசு அஞ்சு லட்சம் வரைக்கும் இருந்தா ஃபீஸ் கெடையாது, சம்பவம் நடந்து ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும், வக்கீல் வச்சே ஆகணும்னு கட்டாயம் இல்ல. நாலு பிளக்கையும் எந்த சிலிண்டர்னு மார்க்கர்ல எழுதி ஜிப் கவர்ல போட்டு, பில்லோட பீரோல வச்சிருக்கேன். திருச்சி பக்கம் கடந்த ஒரு வருஷத்துல ஷோரூம்ல பிளக் மாத்துனதா பில் வாங்குனவங்க இருந்தா, வீடியோ எடுத்துக்கிட்டே ஒரு பிளக்க கழட்டி பாருங்க. பழசா இருந்தா அத தூக்கி போடாம எனக்கு மெசேஜ் பண்ணுங்க, சேந்து புகார் குடுக்கலாம்.