டர்பன் உப்புக்காற்றில் பழைய எல்பிகள்: ஜாஸ், சோல், சினிமாப் பாட்டு

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் உட்கார்ந்துகொண்டு அமெரிக்க எல்பி இசைத்தட்டுகளின் முதல் பதிப்புகளைத் துரத்துவது காசுக்குப் பிடித்த கேடு. பல வருடம் எல்பி வாங்கி, கழுவி, கேட்டு, அலமாரி போதாமல் சிலதைக் கைமாற்றியும் விட்ட பிறகு எனக்கு மிஞ்சியிருக்கும் கருத்து இது. தபால் கூலி தட்டின் விலையைத் தாண்டும், அதன் தலையில் சுங்கமும் 15 சதவீத வாட் வரியும் ஏறும். கடைசியில் கையில் வந்து சேரும்போது உறையின் மூலை மடங்கியிருக்கும். அதே பணத்துக்கு ஜொகன்னஸ்பர்க்கில் அச்சான நல்ல ஜாஸ், சோல் (அமெரிக்கக் கறுப்பினத்தாரின் பாட்டு வகை) தட்டுகள் ஒரு பெட்டி நிறைய வாங்கலாம். இந்த நாட்டில் அச்சானவை இந்த நாட்டு வீடுகளிலேயே கிடக்கின்றன. எடுக்கத்தான் ஆளில்லை.

எங்கே கிடக்கின்றன? டர்பனில் நம்மவர் வாழும் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், மெரபேங்க் பகுதி வீடுகளின் கராஜில். பெரியவர் காலமாகிவிட்டால், பிள்ளைகள் கேப் டவுனிலோ ஆஸ்திரேலியாவிலோ இருந்தால், அந்தப் பெட்டிகள் முதலில் வெளியே வரும். ஹாஸ்பிஸ் தர்ம அமைப்புகளின் பழைய பொருள் கடைகளில் 20 ரேண்டுக்கும் 50 ரேண்டுக்கும் நல்ல தட்டுகள் எடுத்திருக்கிறேன். ஆனால் வீட்டிலேயே போய் எடுப்பதுதான் சுகம். மெரபேங்கில் ஓர் ஆயா சொன்னது நினைவிருக்கிறது: "அந்த ஊதுகுழல் தட்டெல்லாம் எடுத்துக்கோப்பா, தாத்தாதான் கேப்பாரு. டி.எம்.எஸ். முருகன் பாட்டை மட்டும் தொடாதே, காவடிக்குப் போடணும்." போகப்போக இதையே எங்கும் பார்த்தேன். பக்திப் பாட்டை யாரும் விற்பதில்லை. சினிமாப் பாட்டை விற்கச் சிறிது யோசிப்பார்கள். ஜாஸையும் சோலையும் அள்ளிக் கொடுத்துவிடுவார்கள். சேர்ப்பவனுக்கு இதைவிட என்ன வேண்டும்?

தாத்தாமார்கள் ஜாஸ் கேட்டார்களா என்று வெளியூர்த் தமிழர் சிலர் ஆச்சரியப்படுவது உண்டு. நன்றாகவே கேட்டார்கள். விக்டோரியா தெருவில் பம்பி நாயுடு நடத்திய குட்வில் லவுஞ்ச் 1950-களில் டர்பன் ஜாஸுக்குப் பேர்போன இடம். மேடையிலும் நம்மவர் இருந்தார்கள். என் சேகரிப்பில் நான் அதிகம் போடும் தட்டு வின்ஸ்டன் மன்குன்கு குவார்ட்டெட்டின் 'யக்கால் இன்கோமோ'. 1968 ஜூலையில் பதிவானது. டெனர் சாக்ஸபோன் மன்குன்கு, பாஸ் அக்ரிப்பா மக்வாசா, டிரம்ஸ் ஏர்லி மபூசா. பியானோவில் லயனல் பிள்ளை. சாக்ஸ் கதறி முடித்த பிறகு பியானோ உள்ளே வரும் இடம் ஒன்று உண்டு. அவசரமே இல்லாமல், ஆனால் ஒரு சுருதிகூட வீணாகாமல் வாசிப்பார். இரண்டாம் பக்கத்தில் அமெரிக்க ஜாஸ்காரர்களான ஹோரஸ் சில்வரின் மெட்டு ஒன்று, கோல்ட்ரேனின் மெட்டு ஒன்று. முதல் பக்கம்தான் என் கட்சி.

இதன் அசல் பதிப்பு இன்று பல ஆயிரம் ரேண்ட். என்னிடம் இருப்பது மறுபதிப்பு, அதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. லயனல் பிள்ளை பின்னாளில் சாக்ஸபோன்காரர் பாசில் கோட்சியேயுடன் சேர்ந்து வாசித்த 'பிளம் அண்ட் செர்ரி'யை மட்டும் அசலாகவே தேடிப் பிடித்தேன். அது வெளிவந்த லேபிளின், அதாவது வெளியீட்டு நிறுவனத்தின், கதை தனி. ஜொகன்னஸ்பர்க்கில் கோஹினூர் என்ற இசைத்தட்டுக் கடை வைத்திருந்த ரஷீத் வாலி, கடைக்குள் இருந்தபடியே தொடங்கிய லேபிள் அது. முதலில் 'த சன்', பிறகு 'அஸ்-ஷம்ஸ்'. பியானோ கலைஞர் அப்துல்லா இப்ராஹிமின் 'மானன்பர்க்' 1974-ல் இந்த வழியாகத்தான் வந்தது. கோட்சியேவுக்கு அந்தப் பாட்டின் பெயரே பட்டப்பெயராக ஒட்டிக்கொண்டது அதில் அவர் வாசித்த சோலோவால்.

'மானன்பர்க்' பற்றி ஒரு நடைமுறை விஷயம். பக்கத்துக்கு ஒரே பாட்டு, முதல் பக்கம் 13 நிமிடம் சொச்சம். பக்கத்துக்கு 25 நிமிடம் திணித்த தட்டில் ஊசி ஓடும் பள்ளங்கள் நெருங்கி, ஒலி மெலிந்து கிடக்கும். இதில் தாராளமாக இடம் இருப்பதால் பள்ளங்களை ஓங்கிய ஒலியோடு வெட்டியிருக்கிறார்கள். அதனால் கொஞ்சம் அடிபட்ட பிரதியிலும் இசை இரைச்சலுக்கு மேலே நின்றுவிடுகிறது. பளபளப்பான பிரதிக்காகக் காத்திராமல் நடுத்தரப் பிரதி கிடைத்தால் எடுத்துவிடுங்கள். அமெரிக்காவில் இதையே 1977-ல் 'கேப்டவுன் ஃபிரிஞ்ச்' என்று வேறு பெயரில் போட்டார்கள். அதை வாங்கிவிட்டு புதுத் தட்டு என்று நினைத்துக்கொள்ள வேண்டாம்.

இன்னும் பழையதற்குப் போனால் ஜாஸ் எபிசில்ஸ் குழுவின் தட்டு, 1960. 500 பிரதிதான் அடித்தார்கள் என்பார்கள். அசலை நான் கண்ணால்கூடப் பார்த்ததில்லை, பார்க்கவும் அலையவில்லை.

சோல் விஷயத்தில் டர்பன்காரன் மீசையை முறுக்கிக்கொள்ளலாம். த ஃபிளேம்ஸ் நம் ஊர்க் குழு. ஃபத்தார் சகோதரர்களும் பிளாண்டி சாப்ளினும் சேர்ந்து 1960-களில் அடித்த சோல் தட்டுகள் இன்றும் கராஜ்களிலிருந்து வந்துகொண்டிருக்கின்றன. 'ஃபார் யுவர் பிரஷஸ் லவ்' இல்லாத பெட்டி அபூர்வம், அது தேயாமல் கிடைப்பது அதைவிட அபூர்வம். கல்யாண வீடு, பிறந்தநாள், ஊசி இறங்காத இடமில்லை. பிறகு லண்டனில் இவர்கள் வாசிப்பதை அமெரிக்க பீச் பாய்ஸ் குழுவின் ஆல் ஜார்டின் கேட்டு, அந்தத் தொடர்பில் அமெரிக்கா போனார்கள். 1970-ல் அதே குழுவின் கார்ல் வில்சன் தயாரிப்பில் ஓர் ஆல்பம் வந்தது. அதன்பின் பிளாண்டியும் ரிக்கி ஃபத்தாரும் பீச் பாய்ஸிலேயே சேர்ந்துவிட்டார்கள். அந்தக் குழுவின் 'செயில் ஆன், செயிலர்' பாடியது பிளாண்டி சாப்ளின் குரல்தான். என் கணக்கில் அந்த அமெரிக்க ஆல்பம் நேர்த்தி, இங்கே அடித்த பழைய தட்டுகளில்தான் உயிர்.

த மூவர்ஸ், சோல் பிரதர்ஸ் போன்ற கறுப்பினக் குழுக்களின் ஆர்கன் இசையை நம் வீட்டுப் பெட்டிகளில் தேடிப் பயனில்லை. அன்றைய நிறவெறி அரசாங்கம் குடியிருப்பை மட்டுமா பிரித்தது? ரேடியோவையும் கடையையும்கூட இனம் பார்த்துத்தான் பிரித்தது. அவற்றுக்கு வார்விக் சந்திப்புப் பக்கம் நடைபாதையில் விற்பவர்களிடம் கேட்டுப் பழக வேண்டும். ஆனால் உறை இருக்காது, தட்டு தேய்ந்திருக்கும். அப்படியும் வாங்குகிறேன், அந்த ஆர்கனுக்காக.

அமெரிக்க சோல் ஆல்பங்களின் உள்ளூர் பிரஸ்ஸிங் (இங்கே அச்சான பதிப்பு) பற்றி இணையத்தில் ஏளனமாகப் பேசுவார்கள். உறை மெலிசு என்பது நிஜம், இரட்டை ஆல்பத்தின் உள்படங்களை விட்டுவிடுவதும் உண்டு. ஒலியில் நான் ஒப்பிட்டவரை பெரிய குறை இல்லை. ஐசக் ஹேய்ஸ், கர்ட்டிஸ் மேஃபீல்டு போட்ட 1970-களின் சினிமா ஆல்பங்களை இங்கே அச்சானதாகவே வைத்திருக்கிறேன். அவற்றில் பாஸ் கிடாரும் டிரம்ஸின் ஹை-ஹாட் தாளமும் எனக்கு வேண்டிய அளவு வருகின்றன. உறையைச் சட்டம் போட்டு மாட்ட நினைப்பவர் வேண்டுமானால் வெளிநாட்டுப் பிரதிக்குப் போகட்டும்.

சினிமாப் பாட்டு என்றதும் நம்மவருக்கு நினைவு வருவது கிரே தெருப் பக்கத்து அவலான், ஷா ஜெஹான் தியேட்டர்கள். அந்தத் தெருவுக்கு இப்போது டாக்டர் யூசுஃப் தாதூ பெயர், தியேட்டர்களின் காலமும் முடிந்துவிட்டது. 1946-ல் இந்தியா தென்னாப்பிரிக்காவுடன் வணிக உறவை முறித்துக்கொண்டது. படமும் பாட்டும் அப்படியும் நிற்கவில்லை, சுற்றுவழியில் வந்தன. என்னிடமுள்ள சில தமிழ் ஈபிகளின் உறையில் லண்டன் கடை முத்திரை இருக்கிறது. நாலு பாட்டு கொண்ட 45 வேக ஈபிகள்தான் தமிழில் எளிதாகக் கிடைக்கின்றன. எல்பி குறைவு. 1980-களின் எக்கோ லேபிள் இளையராஜா எல்பிகளுக்கு உலகம் முழுக்கப் போட்டி என்பதால் அவற்றின் விலை இப்போது ஜாஸை நெருங்கிவிட்டது. கொல்கத்தா டம்டம் ஆலையில் அச்சான பல தட்டுகளில் அடியில் ஒரு சரசரப்பு ஓடும். கழுவினாலும் போகாது. அந்தச் சரசரப்போடு கே.வி. மகாதேவனைக் கேட்பது எனக்குப் பழகிவிட்டது. பழகாதவர் முதலில் ஒன்று கேட்டுப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

இனி, ஏமாறாமல் வாங்குவது. பளபளப்பை நம்பாதீர்கள். நம் வீடுகளின் முன்னறையில் நின்ற மரப்பெட்டி ரேடியோகிராமில் (ரேடியோவும் இசைத்தட்டுப் பெட்டியும் சேர்ந்தது) செராமிக் கார்ட்ரிட்ஜ், அதாவது ஊசியைத் தாங்கும் பழைய வகை உறுப்பு, இருக்கும். இன்றைய கார்ட்ரிட்ஜ் ஏறக்குறைய 2 கிராம் அழுத்தத்தில் ஓடினால், அது இரண்டு மூன்று மடங்கு அழுத்தும். ஊசி தேய்ந்தாலும் யாரும் மாற்றவில்லை. கீறலே இல்லாமல் கண்ணாடி மாதிரி மின்னும் தட்டு, சாக்ஸபோன் உச்சத்துக்குப் போனதும் பிய்ந்து கரகரப்பது இதனால்தான். விற்பவர் போட்டுக் காட்டினால் முதல் பாட்டைக் கேட்காதீர்கள், ஒவ்வொரு பக்கத்தின் கடைசிப் பாட்டைக் கேளுங்கள். எல்பியின் வெளி விளிம்பில் ஊசிக்கு அடியில் வினாடிக்கு அரை மீட்டர் ஓடுகிறது, நடுவில் ஒட்டிய காகித லேபிளை நெருங்கும்போது 20 சென்டிமீட்டருக்கு இறங்கிவிடுகிறது. அதே ஒலியைக் குறுகிய நீளத்தில் அடைத்திருப்பதால் தேய்மானம் அங்கேதான் முதலில் காதில் விழும். போட்டுக் காட்ட மறுப்பவரிடம் 50 ரேண்டுக்கு மேல் நான் தருவதில்லை.

டர்பனில் எல்பியின் முதல் எதிரி ஈரம். டிசம்பர் முதல் மார்ச் வரை காற்றே வியர்க்கும். உறையில் பழுப்புப் பூஞ்சை, தட்டில் வெள்ளைப் புள்ளி, காகித உறையை அரிக்க வெள்ளிப்பூச்சி. பூஞ்சை பிடித்த உறையை வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள், மற்றவற்றுக்கும் தொற்றும். தட்டை மட்டும் எடுத்துக் கழுவிப் புது உள்உறையில் போட்டு, பழைய உறையை வெயிலில் காயவைத்துப் பாருங்கள், இல்லையென்றால் தலைமுழுகுங்கள். கழுவ, காய்ச்சி வடித்த தண்ணீர் மூன்று பங்கு, ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் ஒரு பங்கு, ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம். நடுக் காகித லேபிள் நனையக்கூடாது. அலமாரியைக் கடல் பார்த்த சுவரில் வைக்காதீர்கள், சுவருக்கும் அலமாரிக்கும் இடையே நாலு விரல் இடம் விடுங்கள். சிலிக்கா ஜெல் பொட்டலம் மூடிய பெட்டிக்குத்தான் உதவும், திறந்த அலமாரியில் அது சும்மா.

பள்ளிப் புத்தகத்துக்கு அட்டை போடுவதுபோல உறைக்குக் கனத்த பிளாஸ்டிக் போட்டுப் பத்திரப்படுத்திய வீடுகள் நிறைய. நல்ல மனசுதான், விளைவு மோசம். அந்த பிவிசி பிளாஸ்டிக்கில் இளக்கத்துக்காகச் சேர்த்த பொருள் வெப்பத்தில் கசிந்து தட்டின் மேல் மூடுபனி போலப் படியும். அது கழுவினால் முழுக்கப் போவதில்லை. வாங்கிய அன்றே அந்தப் பிளாஸ்டிக்கைக் கழற்றிவிட்டு பாலிதீன் அல்லது பாலிபுரோப்பிலீன் உறைக்கு மாற்றிவிடுகிறேன். இன்னொன்று, தட்டை வெயிலில் நிற்கும் வண்டியில் வைத்துவிட்டுப் பன்னி சௌ (ரொட்டிக்குள் குழம்பு) சாப்பிடப் போகாதீர்கள். திரும்பி வருவதற்குள் வளைந்துவிடும்.

கருவி பற்றிச் சுருக்கமாக. நான் வைத்திருப்பது பழைய டெக்னிக்ஸ் டைரக்ட் டிரைவ் (மோட்டாரே நேராகச் சுழற்றும்) டர்ன்டேபிள், ஆடியோ-டெக்னிகா விஎம்95 வகைக் கார்ட்ரிட்ஜ். இந்த வகையில் உடலை மாற்றாமல் ஊசியை மட்டும் மாற்றலாம் என்பதே காரணம். எலிப்டிகல் (நீள்வட்ட முனை) ஊசி சுமார் 300 மணி நேரம் தாங்கும் என்கிறார்கள், நான் அதற்கு முன்பே மாற்றிவிடுவேன். ஊசியின் விலையைவிட 'பிளம் அண்ட் செர்ரி' விலை அதிகம். அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவரும் பழைய பெல்ட் டிரைவ் (மோட்டார் பட்டையால் சுழற்றும்) டர்ன்டேபிளை ஆசையாக வாங்கிக்கொள்ளாதீர்கள். மின்னழுத்தத்தை டிரான்ஸ்ஃபார்மர் வைத்துச் சரிக்கட்டலாம். ஆனால் 60 ஹெர்ட்ஸுக்குச் செய்த ஏசி மோட்டார் நம் 50 ஹெர்ட்ஸில் 33⅓ சுற்றுக்குப் பதில் 28-க்கும் குறைவாகத்தான் சுற்றும். மன்குன்கு தூக்கக் கலக்கத்தில் வாசிப்பது போலிருக்கும். லோட் ஷெட்டிங் (முறைவைத்த மின்வெட்டு) உச்சத்தில் இருந்த 2023-ல் இன்வெர்ட்டரில் கேட்கப் பழகியவர்களுக்கு இன்னொரு விஷயம் தெரிந்திருக்கும்: மலிவு இன்வெர்ட்டர் ஸ்பீக்கரில் 'ங்ஙீ' என்று முனகும், ப்யூர் சைன் வேவ் இன்வெர்ட்டரில் அது இல்லை.

78 வேக அரக்குத் தட்டுகள் வீடுகளில் இன்னும் இருக்கின்றன, சும்மாவே கொடுப்பார்கள். எல்பி ஊசியை அதில் வைக்காதீர்கள், பள்ளம் மூன்று மடங்குக்கு மேல் அகலம். அதற்கென்று தனி ஊசி விஎம்95-லேயே கிடைக்கிறது. ஆல்கஹால் கலந்த திரவம் பட்டால் அரக்கு கரையும், எனவே வெறும் தண்ணீர்தான். எடை அதிகம், விழுந்தால் உடையும். நான் சேர்ப்பதில்லை. சேர்க்கிற நண்பருக்குப் பெட்டியோடு அனுப்பிவிட்டு, பதிலுக்கு அவரிடம் தேங்கும் சோல் தட்டுகளை வாங்கிக்கொள்கிறேன்.

அசலா மறுபதிப்பா என்று கேட்பவர்களுக்கு: இங்கே அச்சாகி இங்கேயே குறைந்த விலைக்குக் கிடைப்பதை அசலாக வாங்குங்கள். 1,000 ரேண்டைத் தாண்டும் எதையும் நான் மறுபதிப்பில்தான் வாங்குகிறேன். ஒரே விதிவிலக்கு லயனல் பிள்ளை.