ஹார்னெட்டும் சக் போட்ட அம்புக்குறிகளும்

டிசிஎஸ் என்ற கணினிப் போர் விமான சிமுலேட்டரில் எஃப்/ஏ-18சி ஹார்னெட் விமானத்தை வாங்கிய அன்று ராத்திரி முக்கால் மணி நேரம் காக்பிட்டில் சும்மா உட்கார்ந்திருந்தேன். இன்ஜினை விடுங்கள், ஒரு விளக்குகூட எரியவில்லை. முன்னால் இருக்கிற பொத்தானையெல்லாம் ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்தாயிற்று. பேட்டரி சுவிட்ச் வலது பக்கம், இடுப்புக்குப் பக்கத்துப் பலகையில் இருக்கிறது என்று யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். மறுநாள் அதைச் சொன்னது சக்ஸ் கைட்ஸ். அதைப் பற்றித்தான் இந்த விமர்சனம்.

தெரியாதவர்களுக்கு: போர் விமான சிமுலேட்டர்களில் வரும் விமானங்களுக்கு, சக் என்ற புனைபெயரில் ஓர் ஆர்வலர் எழுதி இலவசமாகப் போடும் பிடிஎஃப் கையேடுகள் இவை. டிசிஎஸ்ஸில் இருக்கும் விமானங்களில் பெரும்பாலானவற்றுக்கு இருக்கிறது. ஹார்னெட்டுக்கு மட்டும் பல நூறு பக்கம். பக்கக் கணக்கைப் பார்த்து மிரள வேண்டாம், ஏனென்றால் முக்கால்வாசி படம்தான். காக்பிட்டின் படத்தை எடுத்து, அதன் மேல் எண்ணும் அம்பும் போட்டு, ஓரத்தில் ஒன்றிரண்டு வரியில் விளக்கம். முதலில் ஜாய்ஸ்டிக்கில் எதை எந்தப் பொத்தானுக்குக் கொடுப்பது, அப்புறம் காக்பிட்டில் எது எங்கே இருக்கிறது, பிறகு ஸ்டார்ட்-அப், டேக்-ஆஃப், லேண்டிங், சென்சார்கள், ஆயுதங்கள் என்று போகும். ஒரு கைடு பழகிவிட்டால் அடுத்த விமானத்தின் கைடிலும் வேண்டியதைத் தேடாமலே எடுத்துவிடலாம்.

இதில் என்ன பெரிய விஷயம் என்று எனக்கும் முதலில் தோன்றியது. 1998-இல் வந்த ஃபால்கன் 4.0 விளையாட்டுடன் தடியான கையேடு ஒன்றை ரிங் பைண்டரில் போட்டுப் பெட்டிக்குள்ளேயே வைத்துக் கொடுத்தார்கள்; அதை மடியில் வைத்துக்கொண்டு ஓட்டிய தலைமுறை ஒன்று உண்டு. ஆனால் அந்த மாதிரிப் புத்தகம் வரிசையாகப் படிக்கிறவனுக்கு. நாம் தேடுவது எப்போது? பின்னால் ஏவுகணை வருகிறது, எச்சரிக்கை ஒலி கத்துகிறது, ஏவுகணையைத் திசைதிருப்பும் தீப்பொறியான ஃப்ளேர் எந்த சுவிட்ச் என்று மறந்துபோன நேரத்தில். அந்த நேரத்துக்குப் பத்தி பத்தியான எழுத்து உதவாது. படமும் அம்பும் உதவும், அதுவும் படம் நம் கண் முன்னால் இருக்கிற அதே காக்பிட்டாக இருக்க வேண்டும்.

ஹார்னெட்டைக் குளிர்ந்த நிலையிலிருந்து கிளப்புவதையே எடுத்துக்கொள்ளுங்கள். பேட்டரி ஆன். இடது பலகையில் ஏபியு, அதாவது பெரிய இன்ஜின்களைக் கிளப்பும் சின்னத் துணை இன்ஜின், ஆன், பச்சை விளக்கு வரும்வரை பொறு. இன்ஜின் கிராங்க் சுவிட்சை வலது பக்கம் தள்ளு, ஆர்பிஎம் பத்து சதவீதத்தைத் தாண்டியதும் வலது த்ராட்டிலை ஆஃபிலிருந்து ஐடிலுக்குக் கொண்டு வா. ஆர்பிஎம் அறுபத்துச் சொச்சத்தில் நின்ற பிறகு, ப்ளீட் ஏர் (இன்ஜினிலிருந்து எடுக்கும் காற்று) குமிழை ஒரு முழுச் சுற்று சுற்றி நார்மலுக்குக் கொண்டு வா, அப்புறம் இடது இன்ஜின். இதை எழுத்தில் படித்தால் உங்களுக்கே தலை சுற்றும். படத்தில் 1, 2a, 2b என்று குறித்து, கண் இடது பலகையிலிருந்து வலது பலகைக்கு எப்படிப் போக வேண்டும் என்று காட்டினால் மூன்றாவது தடவை கைடே வேண்டாம், கை தானாகப் போகும். எனக்கு அப்படித்தான் ஆனது. ஐந்தாவது நாள் நான் பல் துலக்கிக்கொண்டே மனசுக்குள் ஹார்னெட்டை ஸ்டார்ட் செய்துகொண்டிருந்தேன்.

இதற்கு முன்னால் காசு கொடுத்து ஒரு வீடியோ பாடத்தில் சேர்ந்திருந்தேன், எங்கே என்று சொல்லப்போவதில்லை. ஆள் நன்றாகத்தான் பேசினார். ஆனால் டார்கெட்டிங் பாடை (இலக்கைத் தேடிக் குறிக்கும் கேமரா) ஆன் செய்வது எப்படி என்று தெரிந்துகொள்ள, அவர் எந்தப் போர் விமானத்தை ஏன் நேசிக்கிறார் என்ற கதையைக் கேட்டு முடிக்க வேண்டும். வீடியோவில் தேட முடியாது, அதுதான் பிரச்சினை. பிடிஎஃப்பில் இரண்டு விசையை அமுக்கி வார்த்தையைத் தட்டினால் நேராக அந்தப் பக்கம். இந்த ஒரு காரணத்துக்காகவே நான் வீடியோவை விட்டுவிட்டுக் கைடு பக்கம் வந்தவன்.

குறை இல்லையா என்றால், இருக்கிறது. அது சக்கின் குறை இல்லை, இந்த வகை எழுத்துக்கே உள்ளது. படம் நின்றுபோன ஒரு கணம். விமானமோ நிற்காது. விமானம் தாங்கிக் கப்பலில் இறங்குவதைப் பாருங்கள். பகலில் தெளிவான வானிலையில் 800 அடியில் கப்பலுக்கு மேலே வந்து பிரேக் என்கிற கூர்மையான திருப்பம் எடுத்து, 600 அடிக்கு இறங்கிக் கப்பலுக்கு இணையாக எதிர்த்திசையில் போய், இறக்கை காற்றைச் சந்திக்கும் கோணத்தை (ஆங்கிள் ஆஃப் அட்டாக்) 8.1 டிகிரியில் வைத்துக்கொண்டு திரும்பி வர வேண்டும். இதை எந்தக் கைடும் அழகாக வரைந்து காட்டிவிடும். ஆனால் அந்தக் கடைசி முக்கால் மைலில் த்ராட்டிலைக் கொஞ்சம் கூட்டி, உடனே கொஞ்சம் குறைத்து, மறுபடி கூட்டி என்று கை ஓயாமல் ஆடிக்கொண்டே இருக்க வேண்டும், அந்த ஆட்டம் எந்தப் படத்திலும் வராது. நான் ஐம்பது தடவையாவது கடலில் விழுந்திருப்பேன். விழுந்த பிறகு கைடைத் திறந்தால், நான் செய்த எல்லாமே படத்தில் இருக்கிறபடிதான் இருக்கும். அந்த எரிச்சலைச் சொல்லி முடியாது.

இன்னொன்று, ஏன் என்ற கேள்வி. அந்த ப்ளீட் ஏர் குமிழை எதற்கு ஒரு சுற்று சுற்ற வேண்டும்? வெறும் படிகளை மட்டும் தரும் செக்லிஸ்டுகளில் இதற்குப் பதில் கிடைக்காது, சுற்று என்றால் சுற்று. உண்மையில் தீ எச்சரிக்கையைச் சோதிக்கும்போது இன்ஜினிலிருந்து காற்றெடுக்கும் வால்வுகள் மூடிக்கொள்ளும், குமிழை ஆஃப் வழியாகச் சுற்றிக் கொண்டுவந்தால்தான் மறுபடி திறக்கும். இது தெரிந்த பிறகு அந்தப் படியை நான் மறந்ததே இல்லை. காரணம் தெரியாத படி இரண்டு வாரத்தில் மறந்துபோகும், என் அனுபவம் அது. ஆகவே ஆசை இருக்கிறவர்கள் அமெரிக்கக் கடற்படையின் நேட்டாப்ஸ் கையேட்டையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம். வறண்ட எழுத்து, தூக்கம் வரும், ஆனால் காரணமெல்லாம் அங்கேதான் கிடக்கிறது.

கைடு எழுதுவது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குப் புரிந்தது நானே ஒன்று எழுதிப் பார்த்தபோதுதான். நண்பன் ஒருவன் ஹார்னெட் வாங்கினான். பல நூறு பக்கம் படிக்கப் பொறுமை இல்லை, ஜேடாம் என்ற ஜிபிஎஸ் வழிகாட்டும் குண்டு போடுவது எப்படி என்று ஒரே பக்கத்தில் எழுதிக் கொடு என்றான். ஒரு பக்கம்தானே என்று உட்கார்ந்தேன். மாஸ்டர் ஆர்ம் போடு, தரைத் தாக்குதல் முறைக்கு மாறு, திரையில் ஆயுதங்களைக் காட்டும் ஸ்டோர்ஸ் பக்கத்தில் ஜிபியு-38 என்ற ஜேடாமைத் தேர்ந்தெடு, டிஓஓ (பறக்கும்போதே இலக்கைக் குறிக்கும்) முறை, குண்டின் அலைன்மென்ட் முடியும்வரை காத்திரு, பாடால் இலக்கைக் குறி, தூரத்துக்குள் வந்ததும் வெப்பன் ரிலீஸை அழுத்திப் பிடி. எட்டுப் படம், பத்து அம்பு. சும்மா சொல்லக் கூடாது, பார்க்க அழகாகவே இருந்தது.

ராத்திரி பதினொன்றரைக்கு அவன் கூப்பிட்டான். "டேய், குண்டு சரியா அந்த டாங்க் மேலதான் விழுந்துச்சு. ஆனா வெடிக்கல. நாலு குண்டும் போட்டேன், நாலும் வெடிக்கல."

எனக்கு உடனே விளங்கிவிட்டது. ஈ-ஃபியூஸ், குண்டை வெடிக்கவைக்கும் மின்னணுத் திரி. ஸ்டோர்ஸ் பக்கத்தில் அதை ஆஃபிலிருந்து இன்ஸ்டுக்கு (விழுந்ததும் வெடி) மாற்றாவிட்டால் ஜேடாம் போய் விழும், வெடிக்காது. நான் அதை எழுதவே இல்லை. மறந்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது. குண்டைத் தேர்ந்தெடுத்த கையோடு ஃபியூஸைத் தட்டுவது என் விரலுக்குப் பழகிப்போய், அது ஒரு தனிப் படி என்பதே என் கண்ணுக்குத் தெரியவில்லை. நன்றாக ஓட்டத் தெரிந்தவன் எழுதும் கைடில் ஓட்டை விழுவது இந்த இடத்தில்தான். சக்கின் பக்கங்களைத் திரும்பப் போய்ப் பார்த்தேன், அந்தப் பொத்தானுக்கும் ஒரு எண், ஓர் அம்பு. பல நூறு பக்கத்துக்கு இந்தப் பொறுமை எங்கிருந்து வருகிறது என்று தெரியவில்லை. ஒவ்வொரு சுவிட்சையும் முதல் தடவை பார்க்கிறவன் மாதிரி பார்க்க வேண்டும், அதுவும் நூறாவது தடவை.

தமிழில் எழுதலாமே என்றுதான் ஆரம்பித்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன். விளக்கமெல்லாம் தமிழில் வந்தது, வழவழவென்று போனது. ஆனால் சுவிட்சுகளின் பெயரைத் தொட்டதும் நின்றுவிட்டது. மாஸ்டர் ஆர்ம் என்பதற்கு ஒரு தமிழ்ச் சொல்லை நான் உருவாக்கி எழுதினால், அவன் காக்பிட்டில் அதைத் தேடிக்கொண்டிருப்பான், பலகையில் அந்தப் பெயர் இருக்காது. கடைசியில் பெயர்களை அப்படியே விட்டுவிட்டு, செய்கையை மட்டும் தமிழில் எழுதினேன்: தள்ளு, திருகு, அமுக்கு, அழுத்திப் பிடி. இந்த நாலு வார்த்தைக்கும் உள்ள வித்தியாசம் ரொம்ப முக்கியம். அமுக்கு என்று எழுதியிருந்தால் அவன் தொட்டுவிட்டு விட்டிருப்பான், குண்டு கழன்றிருக்காது.

சரி, இன்னொரு சங்கடத்துக்கு வருவோம். ஹார்னெட் 2018 மே மாதம் எர்லி ஆக்ஸஸாக, அதாவது முழுதாக முடியும் முன்பே, வெளிவந்தது. அப்புறம் அதில் புதிது புதிதாக ஆயுதம் வந்தது, சென்சார் வந்தது, சில பக்கங்களில் பொத்தானின் இடமே மாறியது. எழுத்தென்றால் ஒரு வார்த்தையைத் திருத்திவிட்டுப் போய்விடலாம். படக் கைடில் ஒரு பொத்தான் நகர்ந்தால் அந்தப் படத்தை மறுபடி எடுத்து, அம்பையெல்லாம் மறுபடி போட வேண்டும். ஆகவே யாருடைய கைடாக இருந்தாலும், இறக்கி வைத்துவிட்டு ஒரு வருஷம் கழித்துத் திறக்காதீர்கள். தேதியைப் பாருங்கள், புதியது இருந்தால் அதை எடுங்கள். பழைய பிரதியை வைத்துக்கொண்டு இல்லாத பொத்தானைத் தேடி ஒரு சாயங்காலத்தைத் தொலைத்தவன் சொல்கிறேன்.

பயன்படுத்தும் விதத்தைப் பற்றியும் கொஞ்சம். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை படிக்க முயலாதீர்கள், நான் முயன்று சென்சார் பகுதியில் குறட்டை விட்டேன். ஒரு நாளைக்கு ஒரு வேலை. இன்றைக்கு ஸ்டார்ட்-அப், நாளைக்கு டேக்-ஆஃப், அவ்வளவுதான். இரண்டாவது திரையோ டேப்லட்டோ இருந்தால் அதில் திறந்து வையுங்கள். விஆர் ஹெட்செட் போடுகிறவர்களுக்கு வெளியே இருக்கும் எதுவும் தெரியாது, அவர்கள் வேண்டிய பக்கங்களைப் படமாக எடுத்து விளையாட்டின் நீபோர்டில் (பைலட் தொடைமேல் வைத்திருக்கும் குறிப்புப் பலகை) போட்டுக்கொள்வது நல்லது. கொஞ்சம் கை வேலை, ஆனால் ஒரு தடவை செய்தால் போதும். அச்சடிப்பதாக இருந்தால் அட்டவணைகளை மட்டும் அச்சடியுங்கள். உதாரணமாக, கப்பலிலிருந்து கேட்டபுல்ட்டில் கிளம்பும் முன் வைக்க வேண்டிய ட்ரிம், அதாவது வால் சிறகின் கோணம், விமானத்தின் எடையைப் பொறுத்தது: 44,000 பவுண்டு வரை 16 டிகிரி, 45,000-இலிருந்து 48,000 வரை 17, 49,000-உம் அதற்கு மேலும் 19. இது மனசில் நிற்காது. என் மேசையில் ஒட்டி வைத்திருக்கிறேன். ட்ரிம்மைச் சரியாக வைத்துவிட்டு ஸ்டிக்கிலிருந்து கையை எடுத்துவிட வேண்டும், நிஜ பைலட்டுகளும் அப்போது மேலே கண்ணாடி மூடியின் சட்டத்தில் இருக்கும் கைப்பிடியைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள்.

பழைய பிஸ்டன் இன்ஜின் விமானங்களுக்கும் இவர் கைடு எழுதியிருக்கிறார், அதில் நமக்கு வேண்டியது வேறு. பி-51டி மஸ்டாங்கில் ஜேடாமும் இல்லை, திரையும் இல்லை. ஆனால் இன்ஜினை எவ்வளவு நேரம் எவ்வளவு விரட்டலாம் என்பது தெரியாவிட்டால் நடுவானில் புகை வரும். தொடர்ந்து ஓட்ட 46 அங்குலம் (இன்ஜினுக்குள் போகும் காற்றின் அழுத்தம்), 2700 ஆர்பிஎம். டேக்-ஆஃபுக்கு 61 அங்குலம், 3000. இந்த இரண்டு வரி தெரிந்தால் மஸ்டாங் பாதி வசப்பட்ட மாதிரி. ஹார்னெட்டுக்கு இன்ஜின் பகுதியை நான் ஒரே தடவைதான் புரட்டினேன், அங்கே கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்கிறது.

யாருக்கு இது வேண்டாம்? சும்மா பறந்து இரண்டு ஏவுகணை விட்டுவிட்டுத் தூங்கப் போகிறவர்களுக்கு வேண்டாம், அவர்களுக்கு டிசிஎஸ்ஸே வேண்டாம் என்பேன். பணம் போடாமல் ருசி பார்க்க நினைப்பவர்கள், விளையாட்டுடன் இலவசமாக வரும் சு-25டி-யை எடுத்து ஒரு கைடையும் வைத்துக்கொண்டு ஒரு வாரம் உட்கார்ந்து பாருங்கள். பிடிக்கிறதா இல்லையா என்று அதற்குள் தெரிந்துவிடும்.

நண்பனுக்குக் கொடுத்த தாளைத் திருத்தி அனுப்பிவிட்டேன், ஈ-ஃபியூஸுக்கு இப்போது சிவப்பில் பெரிய அம்பு. அவன் அதைப் படமெடுத்து, தான் வெடிக்கவைத்த டாங்கின் படத்தோடு சேர்த்துத் திருப்பி அனுப்பினான். நான் மிக்-21பிஸ் கைடை இறக்கி வைத்திருக்கிறேன். பேட்டரி இதிலும் வலது பக்கம்தான்.