புரளும் காந்தத் துடைப்பான்: ரீஃப் டேங்க் கண்ணாடிக்கு எதுவரை கைகொடுக்கும்?

பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டியான ரீஃப் டேங்க்கின் கண்ணாடியில் படிவதெல்லாம் ஒரே பாசி இல்லை. புதுத் தொட்டியில் முதலில் வருவது பழுப்பு நிற டயாட்டம். லேசாகத் தேய்த்தாலே போய்விடும். அடுத்தது பச்சைப் படலம். இரண்டு மூன்று நாளுக்கு ஒரு தடவை துடைத்தால் தொல்லை இல்லை. வாரக்கணக்கில் விட்டால் கெட்டிப் புள்ளிகளாக இறுகிவிடும். தொட்டி முதிர்ந்த பிறகு வரும் இளஞ்சிவப்பும் ஊதாவுமான கோரலைன் பாசி வேறு சங்கதி. கால்சியம் கார்பனேட்டைத் தன் உடம்பிலேயே சேர்த்துக்கொண்டு கல்லாகப் படரும். பாறையில் இருந்தால் கொள்ளை அழகு. முன்கண்ணாடியில் ஒட்டினால் பஞ்சை எவ்வளவு அழுத்தித் தேய்த்தாலும் அசையாது, பிளேடுதான் வேண்டும்.

இந்த இரண்டு வேலையையும் ஒரே கருவியில் முடிப்பதுதான் புரளும் வகைக் காந்தத் துடைப்பான். தொட்டிக்குள் இருக்கும் பாதியின் ஒரு முகத்தில் பஞ்சு, மறுமுகத்தில் பிளேடு. வெளியே இருக்கும் கைப்பிடியை ஒரு திருப்புத் திருப்பினால் உள்ளே இருப்பது புரண்டு மறுமுகம் கண்ணாடியில் ஒட்டும். ஃபிளிப்பர் என்ற பெயரில் வருவதுதான் இந்த வகையில் பரவலாகத் தெரிந்தது. மேக்-ஃப்ளோட் போன்ற மிதக்கும் பஞ்சு வகைகள் பச்சைப் படலத்துக்குத் தாராளமாகப் போதும். ஆனால் கடினப் பவளம் வளர்ப்பவர்கள் கால்சியத்தையும் ஆல்கலினிட்டியையும் (தண்ணீரின் காரத்தன்மை) உயர்த்தியே வைத்திருப்பார்கள். அந்தத் தண்ணீர் கோரலைனுக்கும் விருந்து. அவர்களுக்குப் பிளேடு உள்ளதே சரி.

வாங்கும்போது தொட்டியின் லிட்டர் கணக்கைப் பார்க்காதீர்கள், கண்ணாடியின் தடிமனை அளந்து வாங்குங்கள். ஃபிளிப்பரில் நானோ 6 மி.மீ. வரை, ஸ்டாண்டர்ட் 12 மி.மீ. வரை, மேக்ஸ் 24 மி.மீ. வரை. தூரம் கொஞ்சம் கூடினாலே காந்தத்தின் பிடி வெகுவாகக் குறைந்துவிடும் என்பதால் 12 மி.மீ. கண்ணாடியில் நானோவைப் போட்டால் பாதி வழியில் கழன்று பவளத்தின் மேல் விழும். 'பெரிசாவே வாங்கிடுவோம்' என்று 6 மி.மீ. கண்ணாடிக்கு மேக்ஸ் வாங்குவதும் தவறு. இழுப்பு மிஞ்சிப்போய் நகர்த்தவே கஷ்டமாக இருக்கும். இடையில் ஒரு மணல் துகள் சிக்கினால் முழு பலத்தோடு கண்ணாடியில் அழுந்தும். பெரிய நியோடிமியம் காந்தங்கள் இரண்டு நேருக்கு நேர் ஒட்டும்போது இடையில் விரல் மாட்டினால் நசுங்கிவிடும். கழுவ எடுத்தால் இரண்டு பாதிகளையும் தள்ளித் தள்ளி வையுங்கள். பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் இதைக் கையாளவே வேண்டாம்.

கீறல்தான் இந்தக் கருவியைப் பற்றிய பெரிய புகார். பழி பிளேடுமீது விழுகிறது, ஆனால் பெரும்பாலும் கீறுவது மணல். மோஸ் அளவுகோலில் கண்ணாடியின் கடினம் ஏறக்குறைய 5.5. அரகோனைட் எனும் சுண்ணாம்பு மணல் 3.5 முதல் 4 வரைதான், ஆகவே கண்ணாடியை எளிதில் கீறாது. குவார்ட்ஸ் 7. மணலில் அதன் துகள் சில கலந்திருந்தாலே போதும், பஞ்சின் இழைக்குள் ஒன்று சிக்கி நீளக் கோடு போட்டுவிடும். அதனால் மணல்மட்டத்துக்கு 2, 3 செ.மீ. மேலேயே நிறுத்திவிடுங்கள். கீழே எஞ்சும் பட்டையை நீளக் கைப்பிடி ஸ்கிரேப்பரால் மேல்நோக்கி மட்டும் வழியுங்கள். மணல் அள்ளும் மீன்கள் இருந்தால் துகள் நடுக்கண்ணாடி வரைகூட வரும். தொடங்குமுன் பஞ்சைத் தொட்டித் தண்ணீரில் அலசி விரலால் தடவிப் பாருங்கள். வெளிப்பாதியில் இருக்கும் ஃபெல்ட் துணியையும் மறக்க வேண்டாம். காய்ந்த உப்பும் தூசும் அதில் ஒட்டியிருந்தால் வெளிக்கண்ணாடி கோடு வாங்கும். முதலில் ஈரத்துணியால் வெளிப்பக்கத்தைத் துடைத்துவிட்டுக் காந்தத்தை வையுங்கள்.

அக்ரிலிக் தொட்டி என்றால் இரும்பு பிளேடு கூடவே கூடாது. அதற்கென்று வரும் பிளாஸ்டிக் பிளேடும் மென்பஞ்சும்தான். அங்கே அரகோனைட் துகளே கீறிவிடும்.

கோரலைனை வழிக்கும்போது அவசரம் ஆகாது. பிளேடு கண்ணாடியில் முழு அகலத்துக்கும் படிந்திருக்க வேண்டும். கை நீளத்துக்கு இழுக்காமல் ஒரு சாண் அளவுக்குள் முன்னும் பின்னும் நகர்த்தினால் ஓடு ஓடாகப் பெயர்ந்து விழும், அந்தக் கரகர சத்தத்திலேயே வேலை நடப்பது தெரியும். கண்ணாடி சேரும் சிலிக்கான் ஒட்டிலிருந்து 1 செ.மீ. தள்ளியே நில்லுங்கள். பிளேடு அதில் ஏறினால் ஒட்டு அறுந்து, கசிவுக்கு வழியாகிவிடும். மூலையில் எஞ்சுவதைப் பிளாஸ்டிக் அட்டையால் சுரண்டலாம். நத்தை எங்கே ஒட்டியிருக்கிறது என்று ஒரு நோட்டம் விட்டுவிட்டுத் தொடங்குங்கள். பாலித்தோவா (பொத்தான் போன்ற மென்பவள வகை) கண்ணாடியில் படர்ந்திருந்தால் அந்த இடத்தைப் பிளேடால் தொடவே வேண்டாம். சில இனங்களில் பாலிடாக்ஸின் என்ற கொடிய நஞ்சு உண்டு.

துடைக்கும்போது தொட்டிக்குள் நீரோட்டம் தரும் பம்பான பவர்ஹெட் ஓடட்டும். உதிர்ந்த பாசி மிதந்தால்தான் ஃபில்டர் சாக்கில் (தண்ணீரை வடிகட்டும் துணிப்பை) போய்ச் சிக்கும். மறுநாளே சாக்கை மாற்றிவிடுங்கள். விட்டால் அழுகி, துடைத்தெடுத்த சத்தெல்லாம் தண்ணீருக்கே திரும்பும். தண்ணீர் மாற்றுவதற்குச் சற்று முன் துடைப்பது இன்னும் நல்லது.

பராமரிப்பில்தான் இந்த வகை சற்றே சிரமம் தருகிறது. ஸ்டெயின்லெஸ் என்றாலும் கடல்நீரிலுள்ள குளோரைடு பிளேடைக் குழிகுழியாக அரிக்கும். துருப்பிடித்த விளிம்பு கீறும். வேலை முடிந்ததும் உள்பாதியை வெளியே எடுத்து, நல்ல தண்ணீரில் கழுவி, உலர்த்தி வையுங்கள். தொட்டிக்குள்ளேயே நிரந்தரமாக ஒட்டிவைக்க நினைப்பவர்கள் பிளாஸ்டிக் பிளேடைப் போட்டுக்கொள்ளுங்கள், வழிப்பு கொஞ்சம் மந்தமாக இருந்தாலும் துரு இல்லை. மாதம் ஒருமுறை உறையில் விரிசல் இருக்கிறதா பாருங்கள். நியோடிமியத்தை உப்புநீர் தொட்டுவிட்டால் அது அரித்து உப்பி உறையையே பிளந்துவிடும். விரிசல் கண்ட காந்தத்தைப் பசை போட்டு ஒட்டித் தொட்டியில் விடாதீர்கள், மாற்றிவிடுங்கள்.

வளைந்த மூலையுள்ள தொட்டிக்கு இதைச் சிபாரிசு செய்ய முடியாது. தட்டையான பிளேடு வளைவில் நடுவிலோ ஓரத்திலோ மட்டும்தான் படும். தண்ணீர் வழிந்து வெளியேறும் ஓவர்ஃப்ளோவின் பற்களுக்குப் பழைய டூத்பிரஷ்ஷே மேல். பம்ப், பவர்ஹெட் ஆகியவற்றில் படிந்த சுண்ணாம்புக்குக் காந்தத்தால் பயனில்லை. கழற்றி வெளியே எடுத்து, 1 லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம் சிட்ரிக் ஆசிட் கரைத்து அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஊறவையுங்கள். நுரைத்துக் கிளம்புவது கார்பன் டை ஆக்சைடு. நுரை நின்ற பிறகும் படிவு மிச்சமிருந்தால் கரைசல் ஓய்ந்துவிட்டது, புதிதாகக் கலக்க வேண்டும். பம்பின் சுழலியான இம்பெல்லர் இருக்கும் அறையைப் பிரஷ்ஷால் தேய்த்து நன்றாக அலசிய பிறகே தொட்டிக்குள் வைக்க வேண்டும். எந்த அமிலத்தையும் பிளீச்சோடு சேர்க்காதீர்கள், குளோரின் வாயு வரும்.

தினமும் துடைத்தும் மறுநாளே கண்ணாடி பச்சையானால் வேறு துடைப்பான் தேட வேண்டியதில்லை, நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் சோதியுங்கள். பாஸ்பேட் 0.1 பி.பி.எம்.-க்கு மேல் ஏறியிருந்தால் தீவனத்தைக் குறைத்து, நுரையோடு கழிவைப் பிரிக்கும் ஸ்கிம்மரின் கோப்பையைக் கழுவி, பாஸ்பேட்டை உறிஞ்சும் இரும்பு ஆக்சைடு துகளான ஜி.எஃப்.ஓ.-வைச் சிறிதளவில் தொடங்குங்கள். ஒரேயடியாகப் பூஜ்ஜியத்துக்கு இறக்கினால் பவளம் வெளிறும், டைனோஃபிளாஜெல்லேட் என்ற தொல்லை தரும் நுண்பாசி தலைதூக்கவும் இடம் கிடைக்கும்.