பிஎம் சூர்யா கர் கூரை சோலார்: யாருக்கு லாபம், எங்கே கவனம் வேண்டும்

2024 பிப்ரவரியில் ஒன்றிய அரசு தொடங்கிய திட்டம். இலக்கு ஒரு கோடி வீடுகள். முதல் 2 கிலோவாட்டுக்குத் தலா 30,000 ரூபாய் மானியம், மூன்றாவதற்கு 18,000. ஆக 78,000, அதற்கு மேல் எவ்வளவு போட்டாலும் மானியம் ஏறாது. அதனால் 3 கிலோவாட்தான் கணக்குக்குச் சரியாக வரும் அளவு.

தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். 200, 250 யூனிட்டோடு நிற்கும் வீட்டுக்கு அவசரமே இல்லை, போட்ட பணம் திரும்ப வெகுகாலம் ஆகும். ஏசி ஓடி 500 யூனிட்டைத் தாண்டும் வீடு என்றால் தயங்காமல் போடலாம். 500ஐத் தாண்டியதுமே கீழ்ப்படிகளில் உள்ள சலுகை விலையும் பறிபோகிறது. 1 கிலோவாட் நாளுக்குச் சுமார் 4 யூனிட் தரும். 3 கிலோவாட் இரண்டு மாதத்தில் 700 யூனிட்டை ஒட்டி வரும்.

விண்ணப்பம் எளிது. தேசிய இணையதளத்தில் மின் இணைப்பு எண்ணைக் கொடுத்துப் பதிவு செய்ய வேண்டும். பிறகு பதிவு பெற்ற நிறுவனத்தைத் தேர்ந்து வேலை முடித்து, நெட் மீட்டர் (வாரியத்திடம் வாங்கும் மின்சாரத்தையும் அதற்குத் தரும் மின்சாரத்தையும் சேர்த்துக் கணக்கிடும் மீட்டர்) மாட்டி, மின்வாரிய ஆய்வு முடிந்ததும் வங்கி விவரம் தர வேண்டும். இணைப்பு இன்னும் தாத்தா பெயரில் இருந்தால் அங்கேயே நின்றுவிடும். பெயர் மாற்றத்தை முதலில் முடியுங்கள்.

அதிகம் ஏமாறும் இடம் பேனல். செல், அவற்றைக் கோத்த மாட்யூல் (அதாவது பேனல்) இரண்டுமே இந்தியாவில் செய்த 'டிசிஆர்' வகைக்குத்தான் மானியம். வெளிநாட்டு செல் வைத்து இங்கே கோத்த பேனல் விலை குறைவு, மானியம் கிடையாது. விலைப்புள்ளியில் 'டிசிஆர்' என்று எழுதி வாங்குங்கள். பேனல் மாடிக்கு ஏறும் முன் சீரியல் எண்களைச் சரிபாருங்கள். பேனல், அதன் டிசி மின்சாரத்தை வீட்டுக்கான ஏசி மின்சாரமாக மாற்றும் இன்வெர்ட்டர், இரண்டில் எதன் திறன் குறைவோ அதற்கே மானியம். 540 வாட் பேனல் ஆறுக்கு 2.5 கிலோவாட் இன்வெர்ட்டர் மாட்டினால் 9,000 ரூபாய் போய்விடும்.

மாடியில் சுமார் 300 சதுர அடி நிழலில்லாமல் வேண்டும். பேனல்கள் தொடராக இணைந்தவை. தண்ணீர்த் தொட்டி நிழல் ஒன்றின் மேல் விழுந்தாலும் மொத்த உற்பத்தியும் அடிவாங்கும். ஸ்டாண்டு ஹாட் டிப் கால்வனைஸ் (உருக்கிய துத்தநாகத்தில் முக்கிப் பூச்சு) செய்ததாக இருக்கட்டும், கடலோரத்தில் மற்றவை சீக்கிரம் துருப்பிடிக்கும். டிசி (பேனல் பக்கம்), ஏசி (வீட்டு மின்சாரப் பக்கம்), இடிதாங்கி மூன்றுக்கும் தனித்தனி எர்த் கேளுங்கள். பேனலைப் போர் தண்ணீரில் கழுவினால் உப்புப் படியும்.

கரண்ட் போனால் இதுவும் நின்றுவிடும். லைனில் வேலை செய்பவரின் உயிருக்காக இன்வெர்ட்டர் தானாகவே அணையும்படிதான் செய்திருக்கிறார்கள். மின்தடைக்குத் தீர்வு தேடுபவர் பேட்டரியோடு கூடிய ஹைபிரிட் இன்வெர்ட்டருக்குத் தனியாகச் செலவழிக்க வேண்டும். அந்தக் கூடுதல் செலவுக்கு மானியம் இல்லை.