ஆர்எக்ஸ் 100: ஒரிஜினல் பாகமா, ரெப்ளிகாவா?

யமஹா ஆர்எக்ஸ் 100 பைக்கின் உற்பத்தி 1996-இல் நின்றுபோனது. இன்று அந்த வண்டியைத் தூக்கி நிறுத்த நினைக்கிறவர்கள் சென்னைப் புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடைகளில் ஒரிஜினலைத் தேடுவதா, கடையில் புத்தம்புதிதாகத் தொங்கும் ரெப்ளிகாவை, அதாவது அதே மாதிரி செய்த நகலை, வாங்குவதா என்றுதான் முதலில் குழம்புகிறார்கள்.

சைலன்சருக்கு என் பதில் ஒரிஜினல்தான், கொஞ்சம் துருப்பிடித்திருந்தாலும் பரவாயில்லை. டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் அது வெறும் புகைக்குழாய் இல்லை. உள்ளே போகும் அழுத்த அலை திரும்பி வந்து, வெளியே நழுவப் பார்க்கும் பெட்ரோல் கலவையை மறுபடி சிலிண்டருக்குள் தள்ளுகிறது, அதனால் உள்வடிவம் சற்று மாறினாலே இழுவை போய்விடும். ஒருமுறை ரெப்ளிகா மாட்டி ஓட்டினேன், பளபளவென்று இருந்தது, ஆனால் மூன்றாவது கியரில் வரும் அந்தத் துள்ளல் வரவே இல்லை. சிலிண்டர் பிளாக்கிலும் ஒரிஜினல்தான். 50 மி.மீ. துளை தேய்ந்திருந்தால் ரீபோர் செய்து, அதாவது துளையைச் சற்றே பெரிதாகக் கடைந்து, அதற்கேற்ற ஓவர்சைஸ் பிஸ்டன் போடலாம், தூக்கி எறிந்துவிடாதீர்கள்.

ரப்பரில் கதை நேர்மாறு. பிரிக்காத பழைய ஒரிஜினல் ஆயில் சீல் என்று விலையை ஏற்றிச் சொல்வார்கள். விரலால் மடக்கிப் பாருங்கள், ஓரத்தில் மெல்லிய வெடிப்பு தெரியும். கிராங்க் சாஃப்டைச் சுற்றி இருக்கும் கிராங்க் சீல் காற்றை உள்ளே விட்டால் கலவையில் பெட்ரோல் குறைந்து, எஞ்சின் சூடேறி, பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். இங்கே தரமான புதுச் சீல்தான் வேண்டும்.

ஸ்டிக்கர், பக்க மூடி, இண்டிகேட்டர் எல்லாம் ரெப்ளிகாவே போதும். அப்புறம், மட்கார்டு மட்டும் பழையதையே ரீகுரோம் செய்துகொள்ளுங்கள், அந்தத் தகட்டின் கனம் நான் பார்த்த புதியவற்றில் இல்லை.