ஃபுர்னாஸ்: ஓர் இரவாவது தங்க வேண்டிய வெந்நீர் ஊர்

போர்ச்சுகலின் அசோர்ஸ் தீவுக்கூட்டத்தில் உள்ள சாவ் மிகேல் தீவுக்குப் போகிறவர்களில் பலர் ஃபுர்னாஸை ஒரு பகல் டூரோடு முடித்துக்கொள்கிறார்கள். தீவின் பெரிய நகரமான பொண்டா டெல்காடாவிலிருந்து காலையில் வண்டி, ஏரிக்கரையில் ஆவி, மதியம் மண்ணுக்குள் வெந்த சாப்பாடு, பழுப்புக் குளத்தில் ஒரு முங்கு, சாயங்காலம் திரும்பல். இப்படிப் போனால் எங்கே போனாலும் கூட்டம் உச்சத்தில் இருக்கும் நேரமாகத்தான் அமையும். ஊரின் அருமையே அதிகாலையிலும் இரவிலும்தான்.

ஊர் இருப்பது ஓர் எரிமலை வாய்க்குள். கடைசியாக 1630-ல் வெடித்தது. 200 பேர் அளவில் இறந்தார்கள். அடியில் இன்னும் இருக்கும் சூடு, மண்ணுக்குள் இறங்கும் மழைநீரைக் காய்ச்சி, கிடைத்த இடுக்கு வழியெல்லாம் மேலே தள்ளுகிறது. ஊர் நடுவிலேயே கொதி ஊற்றுகள் இருக்கின்றன. கால்டெய்ரா கிராண்டே என்ற பெரிய ஊற்றில் தண்ணீர் கிட்டத்தட்ட கொதிநிலையில் புரள்கிறது. பக்கத்தில் பெரு போட்டெல்யு என்ற பொந்துக்குள் சாம்பல் நிறச் சேறு 'பொதக் பொதக்' என்று வெடிக்கும். எட்டிப் பார்ப்பதைவிட நின்று கேட்பதுதான் சுவை. குளிர்ந்த, ஈரமான விடியலில் ஆவி அடர்ந்து தெரு முழுக்கப் படரும். வெயில் ஏறினால் அதே ஆவி மெலிந்துபோகும். பகல் டூரில் வருகிறவர்கள் பார்ப்பது இந்த மெலிந்த ஆவியைத்தான்.

கல் பாவிய பாதையையும் கம்பி வேலியையும் தாண்டவே கூடாது. ஊற்றைச் சுற்றிய மண் மேலே கெட்டியாகத் தெரியும், அடியில் பொள்ளலாக இருக்கும். கேமரா லென்ஸில் ஆவி படிந்தால் காயவிடாமல் உடனே ஒற்றி எடுங்கள். காய்ந்தால் தாது உப்பு வெள்ளைப் புள்ளியாக ஒட்டிக்கொள்ளும். வெள்ளி நகையை அறையிலேயே வைத்துவிடுவது நல்லது, கந்தக வாயு பட்டால் கறுத்துவிடும்.

கண்ணுக்குத் தெரியாத ஆபத்து கரியமில வாயு. இந்த ஊர் மண்ணிலிருந்து அது கசிந்துகொண்டே இருக்கிறது. காற்றைவிடக் கனமானது என்பதால் பள்ளத்திலும் நிலவறையிலும் தேங்கும். அறை எடுக்கும்போது மாடி அறையாகக் கேளுங்கள்; தரைத்தளம்தான் என்றால் ஜன்னலை முழுக்கச் சாத்த வேண்டாம். காற்றில்லாத நாளில் குழந்தைகளைப் பள்ளங்களில் குனிந்து விளையாட விடாதீர்கள்.

அடுத்து, எல்லோரும் கேட்கும் கோசிடு, அதாவது மண்ணுக்குள் வேகும் அந்தச் சாப்பாடு. ஃபுர்னாஸ் ஏரியின் வடகரையில் சூடான மண்ணில் குழிகள் இருக்கின்றன. மாட்டிறைச்சி, பன்றி, கோழி, சொரிசு தொத்திறைச்சி, ரத்தத் தொத்திறைச்சி, முட்டைக்கோஸ், கேரட், உருளை, சர்க்கரைவள்ளி, சேப்பங்கிழங்கு எல்லாவற்றையும் ஒரே பாத்திரத்தில் அடுக்கி, தண்ணீர் ஊற்றாமல் மூடி, காலையிலேயே குழியில் இறக்கி மேலே மண்ணைக் குவித்துவிடுவார்கள். எந்த உணவகத்தின் பாத்திரம் என்று குவியல்மேல் பலகை நட்டிருக்கும். வேக 6 மணி நேரம்போல ஆகும். நண்பகலை ஒட்டிக் கொக்கி போட்டு வெளியே இழுப்பார்கள். பார்க்க வேண்டுமென்றால் கொஞ்சம் முன்பே போய் நிற்க வேண்டும். எத்தனை பாத்திரம் என்பது காலையிலேயே முடிவாகிவிடுவதால், முன்பதிவு இல்லாமல் மதியம் போய்க் கேட்டால் பல இடங்களில் கிடைக்காது.

ருசியைப் பற்றி அளவோடு எதிர்பாருங்கள். முழுக்க ஆவியில் வெந்தது. வறுபட்ட மணமோ முறுகலோ இருக்காது. மாட்டிறைச்சி தொட்டால் உதிரும், கோழி நார் நாராகப் போய்விடும். உண்மையில் இதில் ஜெயிப்பவை கிழங்குகள்தான். தொத்திறைச்சியின் கொழுப்பும் உப்பும் இறங்கிய சேப்பங்கிழங்குக்காகவே இதைச் சாப்பிடலாம். தட்டு பெரியது, நிறைய சாப்பிடாதவர்களுக்கு ஒன்றை இருவர் பகிர்ந்தால் போதும். சைவர்கள் கவனிக்க: "காய் மட்டும் கொடுங்கள்" என்று கேட்டால் வருவது இறைச்சிச் சாற்றில் வெந்த காய். தனிப் பாத்திரத்தில் சைவ கோசிடு செய்யும் உணவகங்கள் உண்டு, முந்தின நாளே சொல்லிவைக்க வேண்டும். கொதி ஊற்றில் அவித்த மக்காச்சோளமும் கிடைக்கும்.

இந்த ஏரியில் நீந்தும் எண்ணம் வேண்டாம். சுற்றியிருந்த மேய்ச்சல் நிலத்து உரம் பல ஆண்டுகள் இறங்கிப் பாசி மண்டிய ஏரி இது. மீட்கும் வேலை நீண்ட காலமாக நடக்கிறது. கரையோரம் நடக்க அருமையான இடம்.

குளியலுக்கு முக்கியமாக இரண்டு இடங்கள். தெரா நோஸ்ட்ரா பூங்காவின் குளம் பெரியது, வெப்பம் 35 முதல் 40 டிகிரி வரை. தண்ணீர் காவி கலந்த டீ நிறத்தில் இருப்பதை அழுக்கு என்று நினைக்க வேண்டாம். நிலத்தடியில் ஆக்சிஜன் இல்லாமல் கரைந்திருந்த இரும்பு, காற்றுப் பட்டதும் துருவாகப் பிரிவதால் வரும் நிறம். அடி தெரியாது, படி வழுக்கும். கைப்பிடியைப் பிடித்து மெல்ல இறங்குங்கள். தண்ணீர் விழும் வாயருகே சூடு அதிகம், விலகினால் இதம்.

இந்தத் துரு துணியை விடாது. கறுப்பு அல்லது பழைய நீச்சலுடை, பழைய துண்டு இரண்டும் கட்டாயம். கறை பட்டால் காய்வதற்குள் குளிர்ந்த நீரில் அலசி, எலுமிச்சைச் சாற்றிலோ சிட்ரிக் அமிலக் கரைசலிலோ ஊறவையுங்கள். குளோரின் பிளீச் போட்டால் இரும்புக் கறை இன்னும் அழுத்தமாகிவிடும். நகத்திலும் குதிகால் வெடிப்பிலும் தங்கும் நிறம் சில நாளில் தானே போய்விடும். பூங்காவை ஒட்டிய ஹோட்டலில் தங்குவோர் பொதுநேரம் முடிந்த பிறகும் குளத்துக்குப் போகலாம். கூடுதல் வாடகைக்கு அது ஒன்றே நியாயம் செய்யும். குளித்துவிட்டு அப்படியே கிளம்பிவிடாமல் பெரணி, கமேலியா தோட்டங்களுக்கும் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்.

போசா ட டோனா பெய்ஜா வேறு மாதிரி: ஓடையை ஒட்டிய சிறு சிறு கல் தொட்டிகள், 39 டிகிரி அளவில் ஓடும் தெளிந்த நீர். இரவிலும் திறந்திருக்கும். மாலையில் தோளோடு தோள் இடிக்கும் கூட்டம் என்பதால் இரவின் கடைசி வேளைக்கான சீட்டுதான் சரி. இணையத்தில் முன்பே எடுத்துவிடுங்கள். ஒன்றுக்குத்தான் நேரம் என்றால் தெரா நோஸ்ட்ரா. மழைத் தூறல் இரவு வாய்த்தால் இரண்டும்.

எந்த வெந்நீர் ஊற்றிலும் தலையை முக்காதீர்கள், மூக்கில் தண்ணீர் ஏறக் கூடாது. வெதுவெதுப்பான இயற்கை நீரில் மூளையைத் தாக்கும் அமீபா வாழக்கூடும், அரிது என்றாலும் ஆபத்தானது. 15 நிமிடத்துக்கு ஒருமுறை வெளியே வந்து தண்ணீர் குடியுங்கள். சட்டென்று எழுந்தால் தலை சுற்றும். கர்ப்பிணிகளும் இதய நோய், ரத்த அழுத்தம் உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்டுவிட்டு இறங்கவும்.

ஊரில் ஊற்று நீர்க் குழாய்கள் பல உண்டு, ஒவ்வொன்றும் ஒரு ருசி. 'ஆகுவா அசேடா' குளிர்ந்த, புளிப்பான, இயற்கையாகவே நுரைக்கும் நீர். முதல் மடக்கில் இரும்பு வாடை தூக்கும். சில மடக்கில் பழகிவிடும். இங்குள்ள ஊற்று நீரில் போட்ட தேநீர் ஊதாவாக மாறுவதையும் பார்க்கலாம்.

பஸ் குறைவு. வாடகைக் கார் எடுத்தால் பொண்டா டெல்காடாவிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். பிகு டு ஃபெர்ரு காட்சிமுனைக்கு மேகம் இறங்கியிருக்கும் நேரத்தில் ஏறினால் வெறும் வெள்ளைதான் தெரியும். ஏரிமேல் மேகம் விலகிய பிறகு ஏறுங்கள்.