அல்கோன்குயினில் இலையுதிர்காலக் கனூப் பயணம்: வாடகைப் பொதியில் எது தேறும்?

ரொறன்ரோவிலிருந்து ஏறத்தாழ மூன்று மணி நேரக் கார் ஓட்டத்தில் உள்ள அல்கோன்குயின் மாகாணப் பூங்காவுக்குத் தம்பியும் நானும் ஒக்டோபர் முதல் வாரத்தில் சென்று, ஏரி ஏரியாகத் துடுப்பு வலித்து, கரையோரத்தில் கூடாரமடித்துத் தங்கி, மீனும் பிடித்துத் திரும்பினோம். கனூ எனும் ஒடுங்கிய துடுப்புப் படகு, கூடாரம், படுக்கைப் பை, அடுப்பு, உணவு, தூண்டில் என எல்லாவற்றையும் அப்பகுதியிலுள்ள ஒரு வாடகைக் கடையில் முழுப் பொதியாக எடுத்திருந்தோம். அந்தப் பொதியில் கனூவுக்குக் கொடுத்த காசு முழுவதும் தகும். மற்றவற்றில் பலவற்றைப் பற்றி அப்படிச் சொல்ல மனம் வரவில்லை.

1893இல் அமைக்கப்பட்ட இந்தப் பூங்கா 7,600 சதுர கிலோமீற்றருக்கு மேல் பரந்தது. ஆயினும் அதன் தெற்கு மூலையை ஊடறுத்துச் செல்லும் 60ஆம் இலக்க நெடுஞ்சாலையைத் தவிர, வருவோருக்குப் பெரிய வீதி எதுவும் இல்லை. உள்ளே போகவேண்டுமானால் ஏரிகளையும் அவற்றுக்கிடையே உள்ள காட்டுத் தடங்களையும்தான் நம்பவேண்டும். ஓர் ஏரியிலிருந்து அடுத்த ஏரிக்குக் கனூவைத் தோளில் சுமந்து செல்லும் அந்தத் தடங்களைப் போர்ட்டேஜ் என்கிறார்கள். ஆகவே கனூவின் எடை எவ்வளவு என்பதே வாடகைக்கு எடுப்பவர் முதலில் கேட்கவேண்டிய கேள்வி. எங்களுக்குக் கிடைத்தது கெவ்லார் எனும் வலுவான, எடை குறைந்த செயற்கை இழையாலான 17 அடி நீளக் கனூ. எடை 20 கிலோவை ஒட்டியது. அலுமினியக் கனூவின் வாடகை குறைவுதான், ஆனால் அதைத் தூக்கிக்கொண்டு ஏற்றத்தில் நடந்தவர்கள் மறுமுறை அந்தச் சிக்கனத்தைப் பார்ப்பதில்லை.

கனூ லேக் என்ற ஏரியில் இறங்கி ஜோ லேக் என்ற அடுத்த ஏரிக்குப் போகும் வழியில் உள்ள போர்ட்டேஜ் 295 மீற்றர்தான், பாதையும் அகலமானது. தம்பி கனூவைக் கவிழ்த்துத் தலைக்குமேல் தூக்கி, நடுவிலுள்ள குறுக்குக் கட்டையைத் தோள்களில் இருத்திக்கொண்டு ஒரே மூச்சில் நடந்துவிட்டான். அந்தக் கட்டையில் பொருத்தியிருந்த பஞ்சுத் திண்டுகள் புதியவை, தோளில் சரியாகப் பொருந்தின. முன்பு யாரோ பாறையில் உரசிய இடத்தில் அடிப்பக்கத்தைப் பிசின் பூசிச் சீராக்கியிருந்தார்கள். ஒரு சொட்டு நீர்கூடக் கசியவில்லை. சட்டப்படி இருக்கவேண்டிய உயிர்காப்பு அங்கிகள், விசில், நீர் இறைக்கும் குவளை, 15 மீற்றர் மிதக்கும் கயிறு ஆகியவற்றைக் கடை ஊழியர் எங்கள் கண்முன்னே ஒவ்வொன்றாக எண்ணித் தந்தார். ஒக்டோபர்த் தண்ணீரில் கவிழ்ந்தால் குளிரே ஆளை முடக்கிவிடும் என்பதால், அங்கியைக் கரையிலேயே போட்டுக்கொள்ளுங்கள், நடு ஏரியை வெட்டிக் கடக்காமல் கரையை ஒட்டியே செல்லுங்கள் என்று அவர் அழுத்திச் சொன்னார். நல்ல ஊழியர். பின்னால் இருந்து திசை திருப்பும் வேலையைத் தம்பி எடுத்துக்கொண்டான். "அக்கா, நீங்கள் வலியுங்கோ, திருப்புறதை நான் பார்க்கிறன்" என்று அவன் சொன்ன பிறகும் நாங்கள் சற்று நேரம் வளைந்து வளைந்துதான் போனோம். அதற்குக் கனூ பொறுப்பல்ல.

படுக்கைப் பைகளைப் பற்றி அவ்வளவு நல்லதாகச் சொல்லமுடியாது. பையின் அட்டையில் 0 பாகை செல்சியஸ் என்று எழுதியிருந்தது. அப்படி எழுதப்படும் எண் பல பைகளில் சுகமாகத் தூங்கக்கூடிய வெப்பநிலை அல்ல. எப்படியோ தாக்குப்பிடிக்கக்கூடிய கடைசி எல்லை. இரவில் உறைபனி இறங்கும் பருவத்தில் கோடைகாலப் பையையே கொடுத்து அனுப்புவது கவனக்குறைவு. போதாததற்கு என் பையின் ஜிப் முழங்காலுக்குக் கீழே துணியைக் கவ்விக்கொண்டு நகர மறுத்தது. கம்பளித் தொப்பியும் இரண்டு சோடி காலுறைகளும் இருந்ததால் இரவு கழிந்தது. கூடாரம் மட்டும் மழைக்கு நன்றாக நின்றது.

என் பெரிய குறை மீன்பிடிப் பொதியின் மீதுதான். கடையின் விளம்பரப் படத்தில் லேக் ட்ரவுட் மீனோடு ஒருவர் சிரித்துக்கொண்டு நிற்கிறார். பொதியிலும் ட்ரவுட்டுக்கான கரண்டி வடிவத் தகட்டு இரைகளே கூடுதலாக இருந்தன. ஆனால் இங்கே லேக் ட்ரவுட், புறூக் ட்ரவுட் இரண்டையும் பிடிக்கும் காலம் செப்ரெம்பர் 30உடன் முடிந்துவிடுகிறது. கோடையில் ஆழத்தில் கிடக்கும் லேக் ட்ரவுட், நீர் குளிர்ந்ததும் முட்டையிடக் கரையோரப் பாறைகளை நாடி வருவதால், அந்த நேரத்தில் அதைத் தொடக்கூடாது என்பது நியாயமான விதி. ஒக்டோபரில் வாடகைக்குக் கொடுக்கும்போது இதை ஒரு வார்த்தை சொல்லியிருக்கவேண்டும். ஒன்ராறியோ மாகாணத்தின் மீன்பிடி விதிகளை நாங்கள் முன்பே வாசித்திருந்ததாலும், மீன்பிடிக்கத் தேவையான அட்டையும் உரிமமும் கையில் இருந்ததாலும், ஸ்மால்மவுத் பாஸ் மீனை மட்டும் குறிவைத்தோம். வேற்று மீனினங்கள் ஏரிகளில் புகுந்துவிடக்கூடாது என்பதற்காக உயிருள்ள சிறுமீனை இரையாகக் கொண்டுவருவதற்குப் பூங்காவில் தடை உண்டு, மண்புழுவுக்குத் தடையில்லை. குளிர்நீரில் பாஸ் மந்தமாகிவிடுவதால், இரையைப் பாறைச் சரிவின் அடிவரை இறக்கி, மிக மெதுவாக இழுத்தபோதுதான் தூண்டில் அசைந்தது. கிடைத்தவற்றை மஞ்சளும் மிளகாய்த்தூளும் உப்பும் தடவிப் பொரித்தோம்.

கடை தந்த உணவு, வெந்நீர் ஊற்றினால் குழைந்துவிடும் பாஸ்தாவும் இனிப்பு ஓட்ஸும். பசிக்குச் சாப்பிடலாம். நம்மவர் பயணம் என்றதும் எடுத்துவைக்கும் டின்மீன் இங்கே உதவாது. பூங்காவின் உட்பகுதிக்கு உணவு டின்களும் போத்தல்களும் கொண்டுபோகத் தடை. வறுத்த அரிசிமா, பருப்பு, நெத்தலிக் கருவாடு போன்றவற்றை உலர்வாகப் பொதிசெய்து கொண்டுபோனால் கடையின் உணவுப் பொதியை எடுக்கவே வேண்டாம். கருவாட்டு மணம் கரடிக்கும் பிடிக்கும் என்பதால், இறுக மூடிய பீப்பாயில் அடைத்து, நிலத்திலிருந்து 4 மீற்றருக்கு மேலே மரத்தில் கட்டித் தொங்கவிடவேண்டும். அந்தப் பீப்பாயையும் கயிற்றையும் கடை தருகிறது, இரண்டும் தரமானவை.

மொத்தத்தில் கனூ, கூடாரம், உணவுப் பீப்பாய் ஆகியவற்றைத் தனித்தனியாக வாடகைக்கு எடுப்பதே புத்திசாலித்தனம். படுக்கைப் பையும் தூண்டிலும் சொந்தமாக இருக்கட்டும். மேப்பிள் இலைகளின் சிவப்பைப் பார்க்க விரும்புவோர் செப்ரெம்பர் கடைசி வாரத்தில் போனால், ட்ரவுட் பிடிக்கும் காலத்தின் கடைசி நாட்களும் கூடவே கிடைக்கும். ஒக்டோபரில் போவோர், ஒக்டோபர் இரண்டாம் திங்களோடு வரும் நன்றி நவிலல் விடுமுறை வார இறுதிக்குப் பிறகு வாடகைக் கடைகள் பல மூடப்பட்டுவிடும் என்பதால், கனூவைத் திருப்பிக் கொடுக்கவேண்டிய கடைசி நாளைத் தொலைபேசியில் கேட்டு உறுதிசெய்துகொண்டு புறப்படவும்.